வளரிளம் பருவத் தொடக்கத்தில் கற்றல் பழக்கங்கள்: நன்னூலின் பாடங்கேட்டல் மரபும் தற்கால உளவியல் ஆய்வுகளும்

ஆய்வுச் சுருக்கம்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் 11 – 14 வயது மாணவர்கள், தாமாகப் படிக்கும் பொறுப்பை முதன்முதலாக ஏற்கின்றனர். ஆனால் எவ்வாறு படிப்பது என்பது அவர்களுக்குத் தனியே கற்பிக்கப்படுவதில்லை. பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதால் உண்டாகும் பழகிய உணர்வை அறிவு என மயங்குவதே இப்பருவத்துக் கற்றல் இடர்களுள் முதன்மையானது. நன்னூற் பொதுப்பாயிரம் பாடங்கேட்டல் குறித்துக் கூறும் கருத்துகளையும், நினைவுகூர்தல், தன்விளக்கம், கலப்புப் பயிற்சி ஆகியன குறித்த தற்கால உளவியல் ஆய்வு முடிவுகளையும் இக்கட்டுரை ஒருங்கு வைத்து நோக்குகிறது. நல்ல கற்றல் பழக்கங்கள் அறிவுரையால் அமைவதில்லை. அன்றாட வகுப்பறை நடைமுறையால் அமைகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச் சொற்கள்: வளரிளம் பருவம், கற்றல் பழக்கம், நன்னூல், நினைவுகூர் பயிற்சி, தன்விளக்கம், மீயறிதல்.

முன்னுரை

தொடக்க வகுப்புகளில் குழந்தை ஆசிரியரின் கண்முன்னே கற்கிறது. எழுதுவதும் வாசிப்பதும் பெரும்பாலும் வகுப்பறையிலேயே நிகழ்கின்றன. ஆறாம் வகுப்பிலிருந்து நிலைமை மாறுகிறது. பாடத்துக்கு ஓர் ஆசிரியர் வருகிறார், பாடப்பகுதிகள் நீள்கின்றன, ‘வீட்டில் படித்து வா’ என்னும் ஏவல் வழக்கமாகிறது. அவ்வேவலில் ‘படித்தல்’ என்பதன் பொருள் என்ன என்பதை யாரும் விளக்குவதில்லை. மாணவர் தமக்குத் தெரிந்த ஒரே வழியை மேற்கொள்கின்றனர். பாடத்தை வாய்விட்டுப் பலமுறை வாசிக்கின்றனர். வினா விடைகளை வரிசையாக ஒப்பிக்கின்றனர். முதன்மையான வரிகளுக்கு அடியில் கோடிடுகின்றனர்.

இவ்வழி பயன் தராதபோது நேர்வது மதிப்பெண் இழப்பு மட்டுமன்று. நெடுநேரம் படித்தும் தேர்வில் எழுத இயலாத மாணவர், தம் முறையை ஐயுறுவதில்லை, தம்மையே ஐயுறுகின்றனர். ‘எனக்குப் படிப்பு வராது’ என்னும் முடிவு பெரும்பாலும் இவ்வகுப்புகளிலேயே உருவாகின்றது. வீட்டில் வழிகாட்டுவோர் உள்ள பிள்ளைகள் ஒருவாறு வேறு வழிகளைக் கண்டுகொள்வர். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு அவ்வாய்ப்பு வகுப்பறையை விட்டால் வேறெங்கும் இல்லை. ஆகவே கற்றல் பழக்கங்களைக் கற்பித்தல் என்பது பாடத்திட்டத்திற்குப் புறம்பான கூடுதல் பணியன்று; கல்விச் சமநிலையோடு நேரடித் தொடர்புடையதாகும்.

இப்பருவத்தின் இயல்பு

கண்முன் உள்ள பொருள்களைச் சாராமல், கருதுகோள்களை வைத்துச் சிந்திக்கும் ஆற்றல் ஏறத்தாழ 11, 12 வயதில் அரும்பத் தொடங்குகிறது என்பது சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜேயின் கருத்து. எல்லாக் குழந்தைகளிடமும் எல்லாப் பாடங்களிலும் ஒரே வேளையில் இம்மாற்றம் நிகழ்வதில்லை எனப் பின்வந்த ஆய்வுகள் அக்கருத்தைத் திருத்தியுள்ளன. எனினும், தம் எண்ணத்தையே எண்ணிப் பார்க்கும் ஆற்றல் இப்பருவத்தில் வளர்கிறது என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. இவ்வாற்றலை 1970களில் அமெரிக்க உளவியலாளர் ஜான் பிளேவல் ஒரு தனி ஆய்வுப் பொருளாக்கினார். தமிழில் இதனை மீயறிதல் எனலாம். ‘இது எனக்குத் தெரியுமா? எவ்வளவு தெரியும்? தெரியாததை அறிய என்ன செய்ய வேண்டும்?’ என்னும் மூன்று வினாக்களில் அதன் சாரத்தை அடக்கிவிடலாம்.

திட்டமிடல், தன்னடக்கம் ஆகியவற்றுக்குத் துணைநிற்கும் மூளையின் முன்புறப் பகுதி முதிர்ச்சியடைய இருபது வயதுக்கு மேலும் ஆண்டுகள் சில ஆகின்றன. ஆகவே, இப்பருவத்து மாணவரிடம் எண்ணிப் பார்க்கும் ஆற்றல் தோன்றியிருக்கும். அதைத் தாமே தவறாமல் பயன்படுத்தும் ஒழுங்கு அமைந்திராது. இவ்விடைவெளியை நிரப்புவது ஆசிரியரின் பணி. நேர அட்டவணை தயாரிக்கச் சொல்லிவிட்டு ஒதுங்குவது இவ்வயதில் போதாது என்பதற்கான காரணமும் இதுவே.

நன்னூல் காட்டும் கற்போர் இயல்பு

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் விளக்கும் இலக்கண நூலாகும். அதன் பொதுப்பாயிரம் நூல், ஆசிரியர், பாடஞ்சொல்லல், மாணாக்கர், பாடங்கேட்டல் என்னும் ஐந்தனையும் முறையே விளக்குகிறது. கல்வியியல் மாணவர்கள் இதனைப் பெரும்பாலும் நல்லாசிரியர் இலக்கணத்திற்காகவே பயில்கின்றனர். பாடங்கேட்டல் பகுதி பெறவேண்டிய கவனத்தைப் பெறவில்லை.

மாணாக்கரைத் தலை, இடை, கடை என முத்திறப்படுத்தும் நன்னூல், ஒவ்வொன்றற்கும் உவமைகள் கூறுகிறது. அன்னமும் பசுவும் தலைமாணாக்கர்க்கும், மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கும், ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியன கடைமாணாக்கர்க்கும் உவமைகளாகின்றன. இவற்றுள் இரண்டு உவமைகள் நம் பொருளுக்கு இன்றியமையாதவை. கற்பித்ததை அவ்வாறே திருப்பிச் சொல்லும் கிளிக்குத் தலையிடம் தரப்படவில்லை. புல்லை வயிறார மேய்ந்தபின் ஓரிடத்தில் அமர்ந்து அதனை மீண்டும் வாய்க்குக் கொண்டுவந்து அசைபோடும் பசுவுக்கே அவ்விடம் தரப்பட்டது. ஒப்பித்தலுக்கும் அசைபோடுதலுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வுவமைகள் தெளிவாக வரையறுக்கின்றன. முன்னது வெளியிலிருந்து வந்த ஒலியைத் திரும்ப ஒலிப்பது. பின்னது உள்ளே சென்றதைத் தானே வெளிக்கொணர்ந்து பதப்படுத்துவது. மரபுவழிக் கல்வி மனப்பாடத்தை மட்டுமே போற்றியது என்னும் பொதுக்கருத்தை இவ்விடத்து மறு ஆய்வு செய்தல் தகும்.

கற்கும் முறைகளாக நன்னூல் கூறுவனவற்றைப் பின்வருமாறு தொகுக்கலாம்: வழக்கினை அறிதல், மூலபாடத்தை மறவாது காத்தல், கேட்ட பொருளைப் பின்னர் எண்ணிப் பார்த்தல், ஆசிரியரை மீண்டும் அணுகித் தெளிதல், உடன் கற்போரோடு பயிலுதல், அவர்களிடம் ஐயங்களை வினவுதல், அவர்கள் வினவுவனவற்றுக்கு விடையளித்தல். மூலபாடத்தைக் காத்தல், அதாவது மனப்பாடம், ஏழனுள் ஒன்று மட்டுமே. ஏனையவற்றுள் மூன்று சக மாணவரோடு நிகழ்வன.

இதனினும் வியப்புக்குரியது, கல்வி நிரம்பும் வகையை நன்னூல் பின்னக் கணக்கில் கூறுவதாகும். ஆசிரியர் உரைத்ததை நன்கு உள்வாங்கிக் கொண்டாலும் மாணவர்க்குக் கிட்டுவது கால்பங்கே. உடன் கற்போரோடு பயிலுவதால் மற்றொரு கால்பங்கு கிட்டும். எஞ்சிய அரைப்பங்கு, தாம் கற்றதைப் பிறர்க்கு விளங்க உரைப்பதால் கிட்டும். இப்பின்னங்களை அளவீட்டு முடிவுகளாகக் கொள்ளலாகாது. ஆயினும் அவை உணர்த்தும் முதன்மை வரிசை குறிப்பிடத்தக்கது: கேட்டலினும் உரைத்தலுக்கு இருமடங்கு இடம். இன்றைய வகுப்பறை நேரப் பங்கீடு பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது.

வாசித்தலும் நினைவுகூர்தலும்

கற்றதை மீண்டும் பார்ப்பதற்கும் கற்றதைத் தானே மீட்டெடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இன்று ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட்டுள்ளது. 1885இல் ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வே இத்துறையின் தொடக்கம் எனலாம். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, மீண்டும் கற்க ஆகும் நேரத்தைக் கொண்டு மறதியை அவர் அளந்தார். மறதி முதல் ஒரு மணி நேரத்திற்குள் மிக விரைவாகவும், பின்னர் மெதுவாகவும் நிகழ்வதை அவர் கண்டார். பொருளுள்ள பாடப்பகுதிகள் அத்துணை விரைவாக மறப்பதில்லை. எனினும் கற்ற நாளிலேயே மறதி தொடங்கிவிடுகிறது என்பது பொதுவான உண்மை.

2006இல் ஹென்றி ரோடிகர், ஜெப்ரி கார்ப்பிக் ஆகிய இருவரும் கல்லூரி மாணவர்களிடம் நிகழ்த்திய ஆய்வு இங்கு நேரடியாகப் பொருந்துகிறது. ஒரு குழுவினர் ஓர் உரைநடைப் பகுதியை நான்கு அமர்வுகளிலும் வாசித்தனர். மற்றொரு குழுவினர் ஓர் அமர்வில் வாசித்து, எஞ்சிய மூன்று அமர்வுகளில் அதனைப் பாராமல் நினைவிலிருந்து எழுதினர். முதற்குழுவினர் அப்பகுதியைச் சராசரியாகப் பதினான்கு முறைக்கு மேல் வாசித்திருந்தனர். இரண்டாம் குழுவினர் வாசித்ததோ மூன்று முறைக்குச் சற்று மிகுதி. ஐந்து நிமிடங்களுக்குப்பின் நடந்த தேர்வில் முதற்குழு 83 விழுக்காடும் இரண்டாம் குழு 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தன. ஒரு வாரத்திற்குப்பின் நிலைமை தலைகீழானது. முதற்குழு 40 விழுக்காட்டிற்கு இறங்கியது. இரண்டாம் குழு 61 விழுக்காட்டில் நின்றது.

இவ்வாய்வின் மற்றொரு கூறு ஆசிரியர்கள் மனங்கொள்ளத்தக்கது. ஒரு வாரத்திற்குப்பின் எவ்வளவு நினைவிருக்கும் என முன்கூட்டி மதிப்பிடச் சொன்னபோது, பலமுறை வாசித்த குழுவினரே மிகுந்த நம்பிக்கையோடு இருந்தனர். பலமுறை கண்ட வரி கண்ணுக்குப் பழகிவிடுகிறது. பழகியது தெரிந்தது போலத் தோன்றுகிறது. புத்தகம் திறந்திருக்கும்வரை இம்மயக்கம் தெளிவதில்லை. புத்தகத்தை மூடினால்தான் தெரிந்ததும் தெரியாததும் பிரியும். பதின்பருவத் தொடக்கத்தினர் முதற்கண் பழக வேண்டியது இந்த எளிய செயலே.

கல்லூரி மாணவர்க்குப் பொருந்துவது பள்ளி மாணவர்க்குப் பொருந்துமா என்னும் ஐயம் எழலாம். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து நடுநிலைப்பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்புச் சமூக அறிவியலிலும் எட்டாம் வகுப்பு அறிவியலிலும் ரோடிகர், மெக்டேனியல் முதலியோர் நிகழ்த்திய ஆய்வுகள் 2011இல் வெளிவந்தன. குறுவினாக்களால் இடையிடையே நினைவுகூரச் செய்யப்பட்ட பாடப்பகுதிகளில் மாணவர்கள் பின்னர் உயர்ந்த மதிப்பெண் பெற்றனர். பத்துக் கற்றல் உத்திகளை ஒப்பிட்டு ஜான் டன்லாஸ்கி குழுவினர் 2013இல் வெளியிட்ட மதிப்பாய்வும் இதனை வலியுறுத்துகிறது. நினைவுகூர் பயிற்சியும் இடைவெளிவிட்டுப் பயிலுதலும் மிகுபயனுடையன எனவும், மீள்வாசிப்பும் கோடிடுதலும் குறைபயனுடையன எனவும் அது முடிவு கூறுகிறது. நம் மாணவர்கள் பெரிதும் நம்பும் இரண்டும் பட்டியலின் கடையில் நிற்கின்றன.

விளக்கிச் சொல்லுதல்

நினைவுகூர்தல் மட்டும் போதுமா எனின் போதாது. பொருள் விளங்காத வரியையும் நினைவுகூர இயலும். அவ்விடத்துத் தேவைப்படுவது விளக்கிச் சொல்லுதல். 1994இல் மிச்செலின் சீயும் அவர்தம் குழுவினரும் எட்டாம் வகுப்பு மாணவர்க்கு மனிதக் குருதியோட்டம் பற்றிய பாடப்பகுதியைத் தந்தனர். ஒரு சாரார், ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்தபின் அதன் பொருளைத் தமக்குத்தாமே விளக்கிக்கொள்ளுமாறு தூண்டப்பட்டனர். மற்றவர் அப்பகுதியை இருமுறை வாசித்தனர். விளக்கிக்கொண்டவர்களே மிகுதியாகக் கற்றனர். இதயம், நுரையீரல், உடல் ஆகியவற்றிடையே குருதி செல்லும் வழியைச் சரியான ஓர் அமைப்பாகக் காணும் நிலைக்கு அவர்களுள் பலர் உயர்ந்தனர். ‘இது ஏன் இவ்வாறு?’, ‘முன் சொன்னதோடு இது எவ்வாறு இயைகிறது?’ என்னும் வினாக்களே விளக்கத்தை வெளிக்கொணரும் கருவிகள்.

பிறர்க்கு விளக்குதல் இதன் அடுத்த படி. சென்னைக்கு இதில் ஒரு வரலாற்றுத் தொடர்புண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழும்பூரிலிருந்த ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான இல்லத்தின் பொறுப்பிலிருந்த ஆண்ட்ரூ பெல், இங்குள்ள பள்ளியொன்றில் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதனைத் தம் இல்லத்தில் மேற்கொண்டதோடு, மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின்வழி அது ‘சென்னை முறை’ எனப் பரவியது. நம் திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை வழக்கமும் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. ஆனால் பெல்லின் முறை பெரிதும் ஆசிரியர் செலவைக் குறைக்கும் உத்தியாகவே இங்கிலாந்தில் கையாளப்பட்டது. உருப்போடுதலே அதன் மையமாயிற்று. மாணவர் மாணவர்க்குச் சொல்லுதல் என்னும் வடிவம் மட்டும் பயன் தராது. சொல்வோர் ஒப்பிக்கிறாரா, விளக்குகிறாரா என்பதே பயனைத் தீர்மானிக்கும்.

இடைவெளியும் கலப்பும்

ஒரே நாளில் ஒரு மணி நேரம் படிப்பதைவிட, அதே நேரத்தைப் பல நாள்களுக்குப் பகிர்ந்து படிப்பது நெடுநாள் நினைவுக்கு உகந்தது. நம் பாடத்திட்ட அமைப்பு இதற்கு எப்போதும் துணைநிற்பதில்லை. தமிழ்நாட்டில் 2012 – 2013ஆம் கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை அறிமுகமானது. புத்தகச் சுமையையும் தேர்வுச் சுமையையும் அது குறைத்தது என்பது உண்மை. அதேவேளை, ஒரு பருவத்தின் பாடம் அப்பருவத் தேர்வோடு கைவிடப்படும் வாய்ப்பையும் அது உண்டாக்கியது. இத்தகைய அமைப்பில், முந்தைய பருவப் பாடங்களை அவ்வப்போது மீட்டெடுக்கும் பொறுப்பை ஆசிரியரே ஏற்க வேண்டும்.

கலப்புப் பயிற்சி என்பது பல்வகை வினாக்களைக் கலந்து தருவதாகும். டக் ரோரரும் குழுவினரும் ஏழாம் வகுப்புக் கணிதத்தில் நிகழ்த்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வகைக் கணக்குகளைத் தொடர்ந்து செய்த பகுதிகளில் மாணவர் பின்னர் 38 விழுக்காடே பெற்றனர். வகைகளைக் கலந்து செய்த பகுதிகளில் 72 விழுக்காடு பெற்றனர். எந்த முறையைக் கையாள்வது எனத் தேர்ந்தெடுக்கும் பயிற்சி கலப்பில்தான் கிட்டுகிறது.

தமிழ் இலக்கண வகுப்பில் இதனைத் தெளிவாகக் காணலாம். வலி மிகும் இடங்களை ஒரு நாளும் மிகா இடங்களை மற்றொரு நாளும் கற்பித்து, அந்தந்த நாளிலேயே பயிற்சியும் தந்தால் மாணவர் பிழையின்றி எழுதுவர். முதல்நாள் எல்லா விடையும் ‘மிகும்’. மறுநாள் எல்லா விடையும் ‘மிகாது’. விதியைச் சிந்திக்க வேண்டிய தேவையே அங்கு இல்லை. ‘பாடிய பறவை’, ‘பாடாப் பறவை’, ‘பாடப் பழகினான்’ என்னும் மூன்றையும் அடுத்தடுத்து வைத்து, ஒற்று எங்கு ஏன் மிகுந்தது என வினவினால் நிலைமை வேறாகும். பெயரெச்சம், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அகர ஈற்று வினையெச்சம் என வேறுபடுத்திய பின்னரே மாணவர் விடை கூற இயலும். கலப்புப் பயிற்சியில் தொடக்கத்தில் பிழைகள் பெருகும். அப்பிழைகளைக் கண்டு ஆசிரியரும் மாணவரும் சோர்வடையாதிருத்தல் வேண்டும். அவை கற்றல் நிகழ்வதன் அடையாளங்கள்.

வகுப்பறை நடைமுறை

மேற்கூறியவற்றைத் தனிப் பாடவேளை ஒதுக்காமலே நடைமுறைப்படுத்தலாம்.

முதலாவதாக, பாடவேளையின் முதல் ஐந்து நிமிடங்களில் மூன்று வினாக்கள் கேட்கலாம்: நேற்றைய பாடத்திலிருந்து ஒன்று, சென்ற வாரத்திலிருந்து ஒன்று, சென்ற மாதத்திலிருந்து ஒன்று. மாணவர் அனைவரும் புத்தகத்தை மூடிவைத்து எழுதுவர். இவற்றுக்கு மதிப்பெண் பதிவு கூடாது. மதிப்பெண் வந்துவிட்டால் நினைவுகூர்தல் அச்சமாக மாறும். பார்த்து எழுதுதலும் தொடங்கும். விடையை உடனே அறிவித்து, மாணவரே திருத்திக்கொள்ளச் செய்தல் வேண்டும். திருத்தப்படாத பிழை நினைவில் நிலைத்துவிடும்.

இரண்டாவதாக, விடை எழுதுமுன் ‘உறுதியாகத் தெரியும்’, ‘ஐயம்’, ‘தெரியாது’ என்னும் மூன்றனுள் ஒன்றைக் குறிக்கச் செய்யலாம். ‘உறுதியாகத் தெரியும்’ எனக் குறித்துப் பிழையாக எழுதிய இடங்களே மாணவர்க்கு மிகுந்த பயன் தருவன. தம் மதிப்பீட்டுக்கும் உண்மை நிலைக்கும் உள்ள தொலைவைத் தாமே காண்பது மீயறிதலின் தொடக்கம்.

மூன்றாவதாக, பாட இறுதியில் இருவர் இருவராக அமர்ந்து, ஒருவர் புத்தகம் பாராமல் விளக்க, மற்றவர் புத்தகத்தோடு ஒப்பிட்டு ‘ஏன்?’ என வினவலாம். பின்னர் இடம் மாறலாம். பிழையான விளக்கம் பரவாதிருக்கப் புத்தகத்தை ஒப்பிடுதல் இன்றியமையாதது. நன்கு படிக்கும் மாணவரே எப்போதும் விளக்குநராக அமைந்தால் பிறர் கேட்போராகவே தேங்கிவிடுவர். ஆகவே முறை மாற்றம் கட்டாயம்.

நான்காவதாக, வீட்டுப்பாடத்தில் விடைகளைப் பார்த்து எழுதும் பணியைக் குறைத்து, ‘படித்தபின் மூடிவைத்து நினைவிலுள்ளதை எழுதுக, பின்னர்த் திறந்து விடுபட்டதை வேறு நிறத்தில் சேர்க்க’ என அமைக்கலாம். வேற்று நிறத்தில் உள்ளவை அடுத்த நாள் எதைப் படிக்க வேண்டும் என்பதைக் காட்டும் பட்டியலாகும்.

விலக்க வேண்டிய ஒன்றும் உண்டு. மாணவரைக் காட்சிவழிக் கற்போர், கேள்விவழிக் கற்போர், செயல்வழிக் கற்போர் எனப் பிரித்து அவரவர்க்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்னும் கருத்து ஆசிரியர் பயிற்சியில் இன்னும் வழங்குகிறது. அப்பிரிவுக்கேற்பக் கற்பித்தால் கற்றல் மேம்படும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என 2008இல் ஹெரால்டு பாஷ்லர் குழுவினரின் மதிப்பாய்வு காட்டியது. இத்தகைய முத்திரைகள் மாணவரின் முயற்சி எல்லையைச் சுருக்கிவிடும்.

ஒப்பீட்டின் எல்லை

நன்னூலும் உளவியல் ஆய்வும் ஓரிடத்தில் சந்திப்பதைக் கொண்டு, இன்றைய கண்டுபிடிப்புகள் யாவும் அன்றே அறியப்பட்டிருந்தன எனக் கூறுதல் பொருந்தாது. நன்னூல் காட்டும் கல்வி ஓராசிரியரிடம் சிலர் அணுகிக் கற்ற சூழலுக்குரியது. ஆசிரியர் சொன்னால் அமர்ந்து, சொன்னால் வாய்திறக்கும் பணிவு அதன் அடித்தளம். கேள்வி கேட்பதற்கு இடமிருப்பினும் ஆசிரியரை மறுத்துரைக்க அதில் இடம் குறைவு. மேலும், மாணாக்கரைப் பிறவித் தரங்களாகப் பிரிப்பதாக அவ்வுவமைகளைக் கொள்ளின் அது இன்றைய கல்வி நோக்கோடு முரணும். அவற்றைக் கற்போர் வகைகளாகக் கொள்ளாமல், எந்த மாணவரிடமும் நேரக்கூடிய கற்றல் பழக்கங்களாகக் கொள்வதே பயன் தரும். அதே மாணவர் ஒரு பாடத்தில் கிளியாகவும் மற்றொரு பாடத்தில் பசுவாகவும் இருத்தல் கூடும். பழக்கம் மாறினால் உவமையும் மாறும்.

மேற்காட்டிய பள்ளி ஆய்வுகள் அமெரிக்க வகுப்பறைகளுக்குரியன என்பதும் மறக்கலாகாது. தமிழ்வழி வகுப்புகளில், மாணவர் எண்ணிக்கை மிகுந்த சூழலில், இவ்வுத்திகள் எவ்வாறு இயங்கும் என்பதை இங்கேயே ஆய்ந்து அறிதல் வேண்டும். குறிப்பாகத் தமிழ் இலக்கணத்தில் கலப்புப் பயிற்சியின் பயனையும், செய்யுட் பகுதியில் பொருள் விளக்கத்தோடு கூடிய மனப்பாடத்தின் பயனையும் கல்வியியல், தமிழியல் ஆய்வாளர்கள் இணைந்து ஆராயலாம்.

முடிவுரை

வளரிளம் பருவத் தொடக்கத்தில் மாணவர்க்குத் தேவைப்படுவது கூடுதல் நேரப் படிப்பன்று. படிக்கும் முறையில் மாற்றம். மூடிவைத்து நினைவுகூர்தல், இடைவெளிவிட்டு மீட்டெடுத்தல், கலந்து பயிலுதல், பிறர்க்கு விளக்கிச் சொல்லுதல், தம் அறிவைத் தாமே மதிப்பிடுதல் என்னும் ஐந்தும் இம்மாற்றத்தின் கூறுகள். இவற்றுள் விளக்கியுரைத்தலையும் எண்ணிப் பார்த்தலையும் நன்னூல் நெடுங்காலத்துக்கு முன்பே கல்வியின் நடுவிடத்தில் வைத்தது. ஏனையவற்றை ஆய்வுகள் அளந்து காட்டியுள்ளன. மனப்பாடத்தை ஒழிப்பதும் தேவையன்று, அதனையே கல்வி எனக் கொள்வதும் தகாது. நினைவில் நிற்பதைக் கொண்டே சிந்திக்க இயலும். சிந்தித்ததே நினைவில் நிற்கும்.

இப்பழக்கங்களை ஆசிரியப் பயிற்சி மாணவர்கள் தேர்வுக்குரிய குறிப்புகளாக மட்டும் படித்துச் செல்வாராயின், அவர்தம் வகுப்பறையிலும் அவை குறிப்புகளாகவே நின்றுவிடும். கல்வியியல் கல்லூரி வகுப்பின் முதல் ஐந்து நிமிடங்களும் மூடிய புத்தகத்தோடு தொடங்குதல் வேண்டும். அங்கு வழக்கமானது ஆறாம் வகுப்புக்கும் வந்து சேரும்.